ஊரை விட்டுப் போன போராளிங்க கதை: அஞ்சுல எதைப் பாக்கறது?

எங்க மாமா பையன் போன வாரம் ஒரு மெசேஜ் போட்டான். "அண்ணா, தென்னாப்பிரிக்கா நிறவெறி பத்தி நல்லதா ஒண்ணு சொல்லுங்க, மண்டேலா ஜெயில் கதை வேணாம், அது தெரியும், எதிர்த்துட்டு நாட்டை விட்டே போனாங்கள்ல, அவங்க கதை வேணும், சனிக்கிழமை ராத்திரி மட்டும் தான் ஃப்ரீ." வாய்ஸ் நோட்ல பதில் சொல்லலாம்னு ஆரம்பிச்சு ஆறு நிமிஷம் பேசிட்டுப் பாத்தா இன்னும் முதல் படத்தையே தாண்டல. டெலீட் பண்ணிட்டு இதை எழுதறேன். இதே கேள்வியை இன்னும் ரெண்டு மூணு பேரும் கேட்டிருக்காங்க, அவங்களுக்கும் சேத்து.

லிஸ்ட்ல அஞ்சு இருக்கு. க்ரை ஃப்ரீடம் (1987), எ வேர்ல்ட் அபார்ட் (1988), கேட்ச் எ ஃபயர் (2006), எண்ட்கேம் (2009), எஸ்கேப் ஃப்ரம் ப்ரிட்டோரியா (2020). இதுல எண்ட்கேம் பிரிட்டன்ல சேனல் 4 டிவிக்காக எடுத்தது, மத்த நாலும் தியேட்டர் படம். தேடும்போது 2009-ன்னு சேத்து தேடுங்க, இல்லன்னா அவெஞ்சர்ஸ் படத்து வில்லன் தானோஸ் தான் வந்து நிப்பான்.

## முதல்ல, அவங்க எப்படிப் போனாங்க

இது கொஞ்சம் தெரிஞ்சாத் தான் எந்தப் படம் எதைக் காட்டுது, எதை விட்டுடுதுன்னு புரியும். 1960 மார்ச் 21, ஷார்ப்வில்ங்கற ஊர்ல எதிர்ப்புத் தெரிவிச்ச கறுப்பின ஜனங்களை போலீஸ் சுட்டதுல 69 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் மண்டேலாவோட கட்சியான ஏ.என்.சி-யை (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) தடை பண்ணாங்க, அந்தக் கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ஆலிவர் தாம்போ மார்ச் முடியறதுக்குள்ளயே எல்லையைத் தாண்டிட்டாரு, திரும்பி வந்தது 1990 டிசம்பர்ல, முப்பது வருஷம்! 1963-ல வந்த சட்டப்படி யாரை வேணாலும் கேஸே போடாம 90 நாள் உள்ள வைக்கலாம். இது பத்தாதுன்னு 'பேனிங்'னு ஒண்ணு, அது பத்திரிகையைத் தடை பண்றது இல்ல, ஆளையே தடை பண்றது. ஒரே நேரத்துல ஒருத்தருக்கு மேல சந்திக்கக் கூடாது, எழுதக் கூடாது, அவர் சொன்னதை யாரும் அச்சுல போடக் கூடாது.

வெளிய போக ரெண்டு வழி. ஒண்ணு, திருட்டுத்தனமா போட்ஸ்வானா, லெசோத்தோ, ஸ்வாஸிலாந்து, 75-க்கு அப்புறம் மொஸாம்பிக்னு எல்லையைத் தாண்டறது. இன்னொண்ணு எக்ஸிட் பர்மிட், அரசாங்கமே கையெழுத்துப் போட்டு குடுக்கும், ஆனா அது ஒன் வே, போனா திரும்ப வர முடியாது. இதுலயும் ஒரு கூத்து உண்டு. ஏ.என்.சி-ல இருந்து பிரிஞ்ச பி.ஏ.சி கட்சியோட தலைவர் ராபர்ட் சொபுக்வேவுக்கு எக்ஸிட் பர்மிட் குடுத்தாங்க, ஆனா அவர் கிம்பர்லி ஊரை விட்டு நகரக் கூடாதுன்னு வேற ஒரு ஆர்டர் இருந்துச்சு, ஏர்போர்ட்டுக்குப் போகணும்னா கிம்பர்லியைத் தாண்டணும், கோர்ட்டுக்குப் போனாரு, கோர்ட்டும் கைய விரிச்சிடுச்சு. 1978-ல அதே கிம்பர்லில தான் செத்துப் போனாரு.

## எதை வச்சு தேர்ந்தெடுக்கறது

ஸ்டார் ரேட்டிங்கை வச்சு இதை முடிவு பண்ணாதீங்க, எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே ரேட்டிங் தான். நான் பாக்கறது இதை எல்லாம்:

கதை எங்க நிக்குது? நாட்டை விட்டுப் போறதுல மூணு கட்டம் இருக்கு, போக வேண்டிய நிலைமை வர்றது, எல்லையைத் தாண்டறது, அப்புறம் வெளியூர்ல காலத்தை ஓட்டறது. சினிமாக்காரங்களுக்கு நடுவுல இருக்கறது தான் பிடிக்கும், ஏன்னா அதுல ஓட்டமும் துரத்தலும் இருக்கு. ஆனா நிஜத்துல அது ஒரு ராத்திரி, மூணாவது கட்டம் முப்பது வருஷம்.

யார் கண்ணு வழியா பாக்கறோம்? இது ரொம்ப முக்கியம், அஞ்சு படத்துல மூணுல கேமரா ஒரு வெள்ளைக்காரர் பக்கத்துல தான் நிக்குது.

அப்புறம், முன்கூட்டி எவ்வளவு தெரிஞ்சிருக்கணும், வீட்ல பசங்களோட உக்காந்து பாக்கலாமா, பாத்து முடிச்சதும் நம்ம தலைல தப்பா எதாவது பதிஞ்சிடுமா. இந்த கடைசி ஒண்ணை யாரும் ரிவ்யூல சொல்ல மாட்டாங்க, ஆனா அது தான் மறைமுக செலவு.

| படம் | எந்தக் கட்டம் | யார் கண்ணு | முன்னறிவு | பசங்களோட |
|---|---|---|---|---|
| க்ரை ஃப்ரீடம் | போக வேண்டிய நிலைமை + எல்லை | வெள்ளைக்காரப் பத்திரிகை ஆசிரியர் | தேவையே இல்ல | 13-க்கு மேல ஓகே |
| எ வேர்ல்ட் அபார்ட் | போறதுக்கு முன்னாடி மட்டும் | போராளியோட பொண்ணு | கொஞ்சம் | பெரிய பசங்க, கூட உக்காந்து |
| கேட்ச் எ ஃபயர் | மூணும் கொஞ்சம் கொஞ்சம் | கறுப்பின தொழிலாளி | தேவையில்ல | வேணாம், சித்திரவதை காட்சி இருக்கு |
| எண்ட்கேம் | வெளியூர் வாழ்க்கை | ரெண்டு தரப்பும் | நிறைய | தூங்கிடுவாங்க |
| எஸ்கேப் ஃப்ரம் ப்ரிட்டோரியா | ஜெயில்ல இருந்து தப்பிக்கறது | வெள்ளைக்காரப் போராளி | இல்ல | தாராளமா |

## க்ரை ஃப்ரீடம்

அட்டன்பரோ எடுத்தது, காந்தி எடுத்த அதே ஆளு. கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிகோவா டென்சல் வாஷிங்டன், டொனால்ட் வுட்ஸா கெவின் க்ளைன். வுட்ஸ் ஈஸ்ட் லண்டன்ங்கற தென்னாப்பிரிக்க ஊர்ல டெய்லி டிஸ்பாட்ச் பேப்பரோட ஆசிரியர். பிகோவை முதல்ல திட்டி எழுதறாரு, அப்புறம் நேர்ல பாத்து நண்பராகிடறாரு. 1977 செப்டம்பர் 12, போலீஸ் காவல்ல பிகோ செத்துப் போறாரு. தலைல அடிபட்ட மனுஷனை ஒட்டுத் துணி இல்லாம லேண்ட் ரோவர் பின்னாடி போட்டு போர்ட் எலிசபெத்துல இருந்து ப்ரிட்டோரியாவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல கொண்டு போனாங்க. இதைக் கேள்வி கேட்ட வுட்ஸுக்கு அஞ்சு வருஷம் பேனிங். வீட்டுக்கு பார்சல்ல பிகோ படம் போட்ட டி-ஷர்ட் வருது, அஞ்சு வயசுப் பொண்ணு போட்டுப் பாக்குது, துணில கெமிக்கல் தடவியிருக்காங்க, உடம்பெல்லாம் எரியுது. அன்னிக்குத் தான் வுட்ஸ் முடிவு பண்றாரு, கிளம்பிடலாம்னு.

படத்தோட ஆரம்பத்தை மட்டும் எத்தனை தடவை வேணாலும் பாப்பேன். விடியற நேரம், குடிசைப் பகுதிக்குள்ள புல்டோசரும் நாயுமா போலீஸ் நுழையுது, ஜனங்க கத்தி ஓடறாங்க, அதே நேரம் எங்கயோ ரேடியோல பதறாம செய்தி வாசிக்கறாங்க, பொது சுகாதாரத்துக்காகத் தான் இதுன்னும், யாரும் எதிர்ப்பே காட்டலன்னும். அந்த ஒரு நிமிஷத்துல நிறவெறி அரசாங்கம் எப்படிப் பேசும்னு புரிஞ்சிடும்.

இப்ப மறைமுக செலவு. படம் ரெண்டரை மணி நேரத்துக்கும் மேல. பிகோ பாதிலயே செத்துடறாரு, அதுக்கப்புறம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எப்படித் தப்பிச்சதுங்கற கதை தான். பாதிரியார் வேஷம், முடிக்கு கறுப்பு டை, வெள்ளம் போற ஆறு, புத்தாண்டு ராத்திரி, எல்லாம் நல்லா தான் இருக்கு, நகம் கடிச்சுட்டு தான் பாத்தேன், ஆனா பிகோ எங்கப்பான்னு மனசு கேக்குது. படம் வந்தப்பவே இந்த விமர்சனம் வந்துச்சு, நியாயமான விமர்சனம் தான். இன்னொரு பக்கம், இதே படத்தை 1988-ல தென்னாப்பிரிக்கா சென்சார் பாஸ் பண்ணியும், ரிலீஸ் ஆன அன்னிக்கே போலீஸ் தியேட்டர் தியேட்டரா போய் பிரிண்டை அள்ளிட்டுப் போச்சு. அவங்களுக்கே உறுத்துச்சுன்னா படத்துல விஷயம் இருக்குன்னு தானே அர்த்தம். கடைசில காவல்ல செத்தவங்க பேர் வரிசையா ஓடும், பக்கத்துல போலீஸ் சொன்ன காரணம், சோப்பு வழுக்கி விழுந்தார், படில விழுந்தார், தூக்கு மாட்டிக்கிட்டார்னு. தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிடாதீங்க.

யாருக்கு: இந்த விஷயமே புதுசுன்னா கண்ண மூடிட்டு இதுல ஆரம்பிங்க. ஒரே ஒரு வேலை, பாக்கறதுக்கு முன்னாடி மேப்ல லெசோத்தோ எங்க இருக்குன்னு பாத்துடுங்க, நாலா பக்கமும் தென்னாப்பிரிக்கா சுத்தி நிக்கற ஒரு குட்டி நாடு. அது தெரியலன்னா, எல்லை தாண்டியும் ஏன் இன்னும் பயந்துட்டு இருக்காங்கன்னு விளங்காது.

## எ வேர்ல்ட் அபார்ட்

என் ஓட்டு இதுக்குத் தான், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

இதுல வர்ற அம்மா டயானா ராத், நிஜத்துல ரூத் ஃபர்ஸ்ட். பத்திரிகையாளர், கம்யூனிஸ்ட். 1963-ல அந்த 90 நாள் சட்டத்துல பிடிச்சாங்க. படத்தோட கதையை எழுதினது அவங்க பொண்ணு ஷான் ஸ்லோவோ, அதனால தான் பேரை மாத்தியிருக்காங்க, கேமராவும் அந்தப் பொண்ணு உயரத்துலயே நிக்குது. அம்மாவா பார்பரா ஹெர்ஷி, பொண்ணா ஜோதி மே, வீட்டு வேலை செய்யற எல்சியா லிண்டா எம்வூசி. மூணு பேருக்கும் சேத்து 1988-ல கேன்ஸ்ல சிறந்த நடிகை விருது குடுத்தாங்க, ஜோதி மேவுக்கு அப்ப வயசு வெறும் பதிமூணு.

இந்தப் படம் கேக்கற கேள்வி வேற எந்தப் படமும் கேக்காதது. நாட்டுக்காக அம்மா போராடறாங்க சரி, அந்தப் பொண்ணுக்கு அம்மா எங்க? ஸ்கூல்ல பேச ஆள் இல்ல, தோழி வீட்ல உள்ள விட மாட்டேங்கறாங்க, வீட்டுக் கதவு மூடியிருக்கு, உள்ள பெரியவங்க மெதுவா பேசறாங்க, இது வெளிய நிக்குது. அம்மா பேச்செல்லாம் ஊருக்குத் தான், இதுக்கு இல்ல. பெரிய போராளிங்க வாழ்க்கை வரலாற்றுல "குடும்பத்துக்கு நேரம் ஒதுக்க முடியவில்லை"னு ஒரே வரில முடிச்சிடுவாங்கள்ல, அந்த ஒரு வரியை முழுப் படமா எடுத்த மாதிரி இருக்கும்.

நிஜத்துல நடந்தது: ரூத் ஃபர்ஸ்டை 90-வது நாள் விட்டாங்க, வாசல்ல கால் வச்சதும் திரும்பப் பிடிச்சாங்க. சட்டத்துல அதுக்கும் தடை இல்ல, 90 முடிஞ்சா இன்னொரு 90. மொத்தம் 117 நாள். உள்ள இருக்கும்போது தற்கொலைக்கு முயற்சி பண்ணாங்க. 1964 மார்ச்ல மூணு பொண்ணுங்களோட எக்ஸிட் பர்மிட்ல இங்கிலாந்து. 1982 ஆகஸ்ட் 17, மொஸாம்பிக் தலைநகர் மபுட்டோல, பல்கலைக்கழக அறையில, வந்த தபாலைப் பிரிச்சாங்க, உள்ள குண்டு. நாட்டை விட்டு 18 வருஷம் கழிச்சும் விடல.

குறை என்னன்னா, இந்தப் படம் அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுது. ஒரு சாவு ஊர்வலத்தோட. இங்கிலாந்து, மபுட்டோ ரெண்டும் படத்துல இல்ல. "நாட்டை விட்டுப் போனவங்க கதை" தான் வேணும்னு அடம்பிடிச்சா இது கேள்விக்கே பதில் இல்ல. ஆனா ஏன் போனாங்க, போறப்ப யாரெல்லாம் என்னத்தை இழந்தாங்கன்னு புரியணும்னா இதைத் தாண்டி ஒண்ணு இல்ல. இன்னொரு செலவு, தேடிப் பிடிக்கறது கஷ்டம். பழைய படம், ஓடிடில இன்னிக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது. நான் பாத்தது ஒரு நண்பரோட கீறல் விழுந்த டிவிடில, நடுவுல நாலு நிமிஷம் சிக்கிடுச்சு, அந்த நாலு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வருஷம் கழிச்சு தான் பாத்தேன்.

யாருக்கு: தனியா, ஒரே உக்காரல்ல, போனை வேற ரூம்ல வச்சுட்டு பாக்கறவங்களுக்கு. அம்மா-பொண்ணா சேந்து பாக்கப் போறீங்கன்னா முடிஞ்சதும் கொஞ்சம் பேச வேண்டி வரும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க.

## எண்ட்கேம்

டிவி டிராமா தான் வேணும்னா இது தான். நாட்டை விட்டுப் போன ஒருத்தர் வெளிய உக்காந்து என்ன பண்ணாருன்னு முழுசா காட்டறது அஞ்சுல இது ஒண்ணு தான்.

ஆளு தாபோ எம்பெக்கி, ஏ.என்.சி-காரர், பின்னாடி ஜனாதிபதி ஆனவரு. சிவெட்டல் எஜியோஃபோர் நடிச்சிருக்காரு. எம்பெக்கி 1962-ல இருபது வயசுல கிளம்பினாரு, சஸெக்ஸ்ல படிச்சாரு, திரும்பினது 1990. அப்பா கோவன் எம்பெக்கி ராபன் தீவு ஜெயில்ல இருபது வருஷத்துக்கு மேல. 80-கள் ஆரம்பத்துல தம்பியும் காணாமப் போனாரு, மகனும் காணாமப் போனான். அதை மனசுல வச்சுட்டு அந்த நடிகர் முகத்தைப் பாருங்க, கோட் சூட்டு, பைப், சிரிச்ச முகம், குரல் ஒரு இடத்துல கூட உயராது.

கதை இது தான்: கன்சாலிடேட்டட் கோல்ட் ஃபீல்ட்ஸ்னு ஒரு சுரங்கக் கம்பெனி, அதுல வேலை பாக்கற மைக்கேல் யங், ரகசியமா ரெண்டு தரப்பையும் இங்கிலாந்துல சோமர்செட் பக்கம் மெல்ஸ் பார்க்னு ஒரு பங்களாவுல உக்கார வைக்கிறாரு. ஒரு பக்கம் எம்பெக்கி, எதிர்ப் பக்கம் வில்லி எஸ்டர்ஹைஸ்னு ஆஃப்ரிகானர் (பெரும்பாலும் டச்சு வம்சாவளியில வந்த வெள்ளைக்காரர்) பேராசிரியர், அவரா நடிச்சது வில்லியம் ஹர்ட். பேராசிரியர் அங்க பேசறதை எல்லாம் ஊர்ல உளவுத்துறைத் தலைவருக்கும் சொல்லிட்டு இருக்காரு. துப்பாக்கியை விட டீ கப் சத்தம் தான் ஜாஸ்தி. வாக்கிங் போறாங்க, விஸ்கி குடிக்கறாங்க, சாப்பாட்டு மேசைல யார் யார் பக்கத்துல உக்காரறதுங்கறதே ஒரு சண்டைக் காட்சி மாதிரி இருக்கும்.

செலவு ரெண்டு. ஒண்ணு, பேர் எல்லாம் தெரியலன்னா முதல் அரை மணி நேரம் யார் எந்தக் கட்சின்னே பிடிபடாது, போத்தா யாரு, பர்னார்ட் யாருன்னு முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க. ரெண்டாவது தான் எனக்கு உறுத்தல். படத்தைப் பாத்துட்டு எழுந்தா, நல்ல மனசு படைச்ச நாலு பேர் பங்களாவுல உக்காந்து பேசி நிறவெறியை முடிச்சு வச்சாங்கன்னு தோணும். தெருவுல நின்ன ஜனங்க, ஸ்ட்ரைக் பண்ண தொழிற்சங்கங்க, பொருளாதாரத் தடை, இதெல்லாம் பின்னாடி சத்தமா மட்டும் வருது. அதுவும் பேச்சுவார்த்தைக்கு செலவு பண்ணது ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனி, கறுப்பினத் தொழிலாளிங்க உழைப்புல கொழுத்த தொழில். படம் அதை லேசா தொட்டுட்டு நகந்துடுது.

யாருக்கு: அரசியல் பேசப் பிடிச்சவங்களுக்கு, மீட்டிங்ல உக்காந்து பழகினவங்களுக்கு. எங்கப்பா யூனியன்ல இருந்தவரு, இதைப் பாத்துட்டு "இது தான்டா நிஜம், எல்லாமே இடைவேளைல, டீ குடிக்கறப்ப தான் முடிவாகும்"னாரு.

## கேட்ச் எ ஃபயர்

சுருக்கமா சொல்லிடறேன். பாட்ரிக் சமூஸோ, செகுண்டா எண்ணெய் ஆலையில ஃபோர்மேன், அரசியலே வேணாம்னு இருந்த மனுஷன். 1980-ல அங்க குண்டு வெடிக்குது, இவர் பண்ணலன்னாலும் பிடிச்சு சித்திரவதை பண்றாங்க, பொண்டாட்டியையும் விடல. வெளிய வந்ததும் நேரா மொஸாம்பிக் போய் ஏ.என்.சி படையில சேந்துடறாரு, அடுத்த வருஷம் நிஜமாவே குண்டோட திரும்பி வர்றாரு. 24 வருஷத் தண்டனை, 1991-ல விடுதலை. இதையும் ஷான் ஸ்லோவோ தான் எழுதினாங்க.

கேமரா ஒரு கறுப்பின தொழிலாளி பக்கத்துல நிக்கறது இது ஒண்ணுல தான், அதுக்காகவே பாக்கணும். மபுட்டோ காட்சிங்க கொஞ்ச நேரம் தான், ஆனா முகாம்ல எல்லாரும் சேந்து பாடி ஆடற இடம் ஒண்ணு இருக்கு, ஊரை விட்டு வந்தவங்க எதைப் பிடிச்சுட்டு நின்னாங்கன்னு வசனமே இல்லாம சொல்லிடும். ஒன்னே முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். சித்திரவதைக் காட்சி தாங்காதவங்க தவிர்த்துடுங்க.

## எஸ்கேப் ஃப்ரம் ப்ரிட்டோரியா

டிம் ஜென்கின், ஸ்டீஃபன் லீ, ரெண்டு பேரும் ஏ.என்.சி-க்காக வேலை பாத்த வெள்ளைக்காரங்க. துண்டுப் பிரசுரத்தைக் காத்துல சிதற விடற குட்டி குண்டு வச்சதுக்கு ஒருத்தருக்கு 12 வருஷம், இன்னொருத்தருக்கு 8. ஜெயில் பட்டறையில மரத்துல சாவி செஞ்சு, ஒவ்வொரு கதவா திறந்து, 1979 டிசம்பர் 11-ம் தேதி வெளிய நடந்து வந்துட்டாங்க. டேனியல் ராட்க்ளிஃப் நடிச்சது. பூட்டுக்குள்ள மரச் சாவி திரும்பற சத்தம், அதுக்கு மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பீங்க.

ஆனா அவ்வளவு தான். நிறவெறிக்குப் பதிலா வேற எந்த நாட்டு அநியாயத்தை வச்சாலும் படம் மாறாது. இவங்களோட தப்பிச்ச மூணாவது ஆளு அலெக்ஸ் மும்பாரிஸ், அவருக்குப் பதிலா கற்பனைப் பேர்ல ஒரு ஆளை வச்சிருக்காங்க. இதை விட சுவாரசியம், ஜென்கின் லண்டன் போய் உக்காந்து, ஏ.என்.சி ஆளுங்க நாட்டுக்குள்ள இருந்து கம்ப்யூட்டரும் போன் லைனும் வச்சு சங்கேத மொழில தகவல் அனுப்பற சிஸ்டத்தை உருவாக்கினாரே, அது. அது படத்துல இல்ல.

யாருக்கு: பசங்க கூட இருந்தா, பாப்கார்ன் இருந்தா.

## சரி, என் தம்பிக்கு என்ன சொன்னேன்

ஒரே ராத்திரின்னா க்ரை ஃப்ரீடம், ஏன்னா அவனுக்கு பிகோ யாருன்னே தெரியாது. ரெண்டு ராத்திரி கிடைச்சா எ வேர்ல்ட் அபார்ட் முதல்ல, அடுத்த நாள் எண்ட்கேம். ஒண்ணுல வீட்டுக்குள்ள நடக்கறது தெரியும், இன்னொண்ணுல 25 வருஷம் கழிச்சு வெளியூர்ல நடக்கறது தெரியும், நடுவுல இருக்கற எல்லையை நீங்களே கற்பனை பண்ணிக்கலாம். இதை மாத்திப் பாத்தா வேலைக்கு ஆகாது.

அவன் கேட்ட அடுத்த கேள்வி, "நம்மாளுங்க யாரும் இல்லையா அண்ணா?" இருக்காங்க. மையக் கதாபாத்திரமா இந்த அஞ்சுல தான் இல்ல. ஜோஹன்னஸ்பர்க்ல காந்தி கூட நின்னு திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போன தமிழர் தம்பி நாயுடு, அவரோட பேத்தி சாந்தி நாயுடு. 1969-ல ஒரு வருஷத்துக்கும் மேல பிடிச்சு வச்சாங்க, தனிச் சிறை, தூங்க விடாம விசாரணை. கடைசில கோர்ட்ல நிறுத்தி, மண்டேலாவோட மனைவி வின்னி மண்டேலாவுக்கு எதிரா சாட்சி சொல்லுன்னாங்க. முடியாதுன்னுட்டாங்க, அதுக்குத் தனியா தண்டனை. 1972-ல எக்ஸிட் பர்மிட்ல லண்டன். சாந்தியோட தம்பி இந்திரஸ் பத்து வருஷம் ராபன் தீவுல இருந்துட்டு வந்து, அவரும் நாட்டை விட்டுப் போனாரு. தாத்தா காலத்துல இருந்து பேரன் பேத்தி வரைக்கும், ஜோஹன்னஸ்பர்க், ராபன் தீவு, லண்டன், மபுட்டோ. யாராவது இதை எட்டு எபிசோடா எடுக்கட்டும், மேல போட்ட டேபிளை அழிச்சுட்டு முதல்ல இருந்து எழுதறேன்.